ரோடு சைக்கிள் சீட்டும் ரெண்டு எலும்பும்

கும்பகோணத்துல எங்க காலை ரைடுக்கு புதுசா யாரு வந்து சேந்தாலும் நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ ஒரு கேள்வி வந்துரும். எல்லாரும் இருக்கப்ப வராது, டீ கிளாச கீழ வச்சுட்டு நம்மள ஓரமா கூட்டிட்டுப் போயி, கொரலத் தாழ்த்தி, "அண்ணே, பின்னாடி உக்காரவே முடியலண்ணே, சீட்ட மாத்திரலாமா"ன்னு கேப்பாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, ஆனா வெக்கப்பட்டுக்கிட்டே கேக்குறதால பதிலும் அரைகுறையாத்தான் கெடைக்குது. ஒருத்தரு சீட்டு மேல ஜெல் கவர், அதாவது உள்ள மெத்துன்னு ஜெல் அடைச்ச உறை, போடுங்கிறாரு, இன்னொருத்தரு பெரிய சீட்டா வாங்குங்கிறாரு, மூணாமத்தவரு "பழகிரும் தம்பி, எங்களுக்கெல்லாம் பழகல?"ங்கிறாரு. மூணுமே பாதி சரி. பாதி சரியா இருக்குறதாலதான் ஆயிரக்கணக்குல காசு செலவு பண்ணி நாலு சீட்டு மாத்தி கடைசில சைக்கிளையே ஓஎல்எக்ஸ்ல போட்டுட்டுப் போயிடுறாங்க.

அதான் ஒரு தடவ அடிலேருந்து சொல்லிரலாம்னு. ரோடு சைக்கிள்னு நான் சொல்றது வளைஞ்ச ஹேண்டில், ஒல்லி டயரு, முன்னாடி குனிஞ்சு ஓட்டுற சைக்கிள (ரோடு பைக்குன்னு சொன்னா நம்ம ஊர்ல புல்லட்டானு கேக்குறாங்க, அதனால சைக்கிள்னே வச்சுக்குவோம்). அதோட சீட்ட சேடில்னு சொல்லுவாங்க. நான் ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லுவேன், ரெண்டும் ஒண்ணுதான்.

சேத்து வயல்ல கால் வச்சா என்ன ஆகும்

சேறடிச்சு நடவுக்கு ரெடியா இருக்குற வயல்ல எறங்கி இருக்கீங்களா? மேல பாத்தா வெண்ணெ மாதிரி இருக்கும். கால வச்சவுடனே சொய்ங்குன்னு உள்ள போகும், எதுவரைக்கும் போகும்? அடில ஒரு கெட்டி மண்ணு இருக்கும்ல, அதுல குதிகால் போயி முட்டுற வரைக்கும் போகும். அங்கதான் நிக்கும். அதாவது உங்க வெயிட்ட கடைசில தாங்குறது சேறு இல்ல, அடில இருக்குற கெட்டிதான். அப்ப நடுவுல இருந்த சேறு எங்க போச்சு? வெரலு சந்துல பிதுங்கி மேல வருது பாருங்க, அங்க போச்சு.

ஜெல் கவர்ல நடக்குறது அச்சு அசல் இதேதான். கடைல கட்டை வெரலால அழுத்திப் பாக்கும்போது ஆஹானு இருக்கும், வீட்டுக்கு வந்து ஏறி அஞ்சு நிமிஷம் ஓட்டுனாலும் ஆஹாதான். முக்கா மணி நேரம் ஆனதும் எலும்பு ரெண்டும் ஜெல்ல நசுக்கிக்கிட்டு அடிப்பலகைல போயி முட்டிரும், நசுங்குன ஜெல்லு போக எடமில்லாம நடுவுல பிதுங்கி மேல வரும். நடுவுலன்னா எந்த எடத்துலன்னு உங்களுக்கே புரியும். எந்த எடத்துல அழுத்தமே கூடாதோ அங்க அழுத்தும்.

அதுக்காக மெத்தையே கூடாதுன்னு இல்ல. கொஞ்சம் வேணும். ஆனா மெத்தை எவ்வளவு தடிமன்னு பாக்குறதுக்கு முன்னாடி எலும்புக்கு அடில தாங்குற எடம் இருக்கானு பாக்கணும்.

நாம உக்கார்றது எதுல?

தொடைச் சதையில உக்கார்றோம்னுதான் பல பேரு நெனைக்கிறாங்க. ஒரு வேல பண்ணுங்க, வீட்டுத் திண்ணைல இல்லனா மாடிப்படில உக்காந்து, ரெண்டு கைலயும் உள்ளங்கைய மேல பாத்தமாதிரி பின்பக்கத்துக்கு அடில குடுத்து லேசா முன்னப் பின்ன அசைங்க. கைல ரெண்டு கெட்டியான முண்டு குத்தும். இடுப்பெலும்போட அடிமுனை அது. இந்தக் கட்டுரை முழுக்க அத உக்காரும் எலும்புன்னு சொல்றேன். கயித்துக் கட்டில்லயோ கல்லுலயோ பஸ் சீட்டுலயோ எங்க உக்காந்தாலும் நிமிந்து உக்காந்தா முழு பாரமும் எறங்குறது இந்த ரெண்டு முண்டு வழியாத்தான்.

இந்த ரெண்டு முண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 10 செ.மீ.லேருந்து 15 செ.மீ.க்குள்ள இருக்கும், பொம்பளைங்களுக்கு சராசரியா கொஞ்சம் கூடுதல். இதுல வேடிக்கை என்னன்னா ஆளு குண்டா ஒல்லியாங்கிறதுக்கும் இந்த அளவுக்கும் பெருசா சம்பந்தம் கெடையாது. நூறு கிலோ ஆளுக்கு 11 செ.மீ. இருக்கலாம், அம்பத்தஞ்சு கிலோ பையனுக்கு 13 இருக்கலாம். சட்டை சைஸ் வேற, எலும்பு சைஸ் வேற. "நான் குண்டு, எனக்கு பெரிய சீட்டு"ங்கிற கணக்கு இங்கயே அடிபட்டுப் போகுது.

சேடில் அகலம் இந்த எலும்பு அகலத்துக்குக் கம்மியா இருந்தா எலும்பு ரெண்டும் ஓரத்துல தொங்கும், பாரம் பூரா நடு எடத்துல எறங்கும், வேலி மேல குதிரை ஏறுற மாதிரி ரெண்டு பக்கமும் கால போட்டு உக்காந்த கதைதான். ரொம்ப அகலமா இருந்தா எலும்புக்குப் பிரச்சன இல்ல, ஆனா மிதிக்கும்போது தொடையோட உள்பக்கம் சீட்டு ஓரத்துல ஒரசிக்கிட்டே இருக்கும். ஒரு மணி நேரத்துல ஒரு காலு மட்டும் நாலாயிரம், அஞ்சாயிரம் தடவ சுத்தும், அத்தன தடவயும் ஒரசுனா தோலு என்ன ஆகும்?

இதுவரைக்கும் வந்தது இவ்வளவுதான்: பாரத்த தாங்க வேண்டியது ரெண்டு எலும்பு, அந்த எலும்புக்கு அடில சேடில் இருக்கணும், மெத்தை தடிமன் ரெண்டாம் பட்சம்.

அப்பா சைக்கிளும் நம்ம சைக்கிளும்

சரி, அப்ப அப்பா ஓட்டுன பெரிய கருப்பு சைக்கிள்ல அவ்வளவு அகலமா, அடில ஸ்பிரிங்கெல்லாம் வச்சு சீட்டு இருந்துச்சே, அது தப்பா? இல்லவே இல்ல. அந்த சைக்கிளுக்கு அதுதான் கரெக்டு.

மாட்டுவண்டில மூட்டை அடுக்குறவங்க முன்பாரம் பின்பாரம்னு சொல்லுவாங்கல்ல, மூட்டைய முன்ன தள்ளி அடுக்குனா மாட்டுக் கழுத்துல அழுத்தும், பின்ன தள்ளுனா நுகத்தடி தூக்கும். சைக்கிளும் அப்படித்தான். உங்க உடம்பு சைக்கிள்ல மூணு எடத்துல எறங்குது: பெடல், ஹேண்டில், சீட்டு. அப்பா சைக்கிள்ல நிமிந்து உக்காந்து ஓட்டுறோம், கைல பாரமே இல்ல, மெதுவா மிதிக்கிறதால கால்லயும் பெருசா இல்ல, அம்புட்டும் பின்பாரம். இடுப்பு நேரா நிக்குறதால எலும்போட பின்முனை, அதாவது அகலமான பாகம், சீட்டுல படும். அதனால அகலமான சீட்டு, ரோடு குலுக்கல் நேரா முதுகுத்தண்டுல ஏறாம இருக்க ஸ்பிரிங்கு.

ரோடு சைக்கிள்ல முன்னாடி குனியுறோம். குனியும்போது முதுகு மட்டும் வளையல, இடுப்பே ஒரு கிண்ணத்த முன்னாடி சாய்ச்ச மாதிரி உருளுது. இடுப்பெலும்போட அடிப்பாகத்த கீழேருந்து பாத்தா நம்ம எழுத்து "ப" மாதிரி இணையா இருக்காது, பின்னாடி விரிஞ்சு முன்னாடி குறுகிக்கிட்டே வரும், மாட்டுவண்டி ஏர்க்கால் மாதிரி. அதனால இடுப்பு முன்னாடி உருள உருள சீட்டுல படுற பாகமும் முன்னாடி நகரும், அங்க அகலம் கம்மி. எவ்வளவுக்கெவ்வளவு குனியுறீங்களோ அவ்வளவுக்கவ்வளவு ஒல்லி சீட்டு போதும். ரேஸ்காரங்க சீட்டு கத்தி மாதிரி இருக்குறதுக்குக் காரணம் அவங்களுக்கு வலி தெரியாதுங்கிறது இல்ல, அவங்க குனியுற குனிவுக்கு அது போதும். கூடவே அவங்க காலு பெடல்ல குடுக்குற அழுத்தத்துக்கு நெறைய பாரம் கால்லயே எறங்கிரும். நாம முதல் மாசத்துல அவ்வளவு அழுத்தி மிதிக்கவும் மாட்டோம், அவ்வளவு குனியவும் மாட்டோம், ஆனா அவங்க சீட்டுதான் வேணும்னு நிப்போம்.

நடுவுல இருக்குறது

இங்க கொஞ்சம் சீரியஸா பேசணும். ரெண்டு உக்காரும் எலும்புக்கும் நடுவுல, முன்னாடிலேருந்து பின்னாடி வரைக்கும், எலும்பே இல்லாத ஒரு மென்மையான எடம் இருக்கு. அந்த எடத்துக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பு ஒண்ணு அந்தப் பக்கமாத்தான் போகுது, புடெண்டல் நரம்புன்னு பேரு, கூடவே ரத்தக்குழாயும் போகுது. இது நசுங்கிக்கிட்டே இருந்தா மரத்துப் போகும். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா காலு மரத்துப் போகுதுல்ல, அதே மாதிரி, ஆனா எடம் வேற.

எலும்பு வலிக்கும் மரத்துப்போறதுக்கும் வித்தியாசம் தெரியணும். புதுசா ஓட்டுறவங்களுக்கு எலும்பு படுற எடத்துல ஒரு வாரம் ரெண்டு வாரம் அடிபட்ட மாதிரி ஒரு வலி இருக்கும், அது பழகிரும், "பழகிரும் தம்பி"ன்னு சொன்ன அண்ணன் அந்த அளவுக்கு சரி. மரத்துப்போறது மட்டும் பழக வேண்டிய சமாச்சாரமே கெடையாது. பொம்பளைங்களுக்கும் இது உண்டு, வீக்கம்கூட வரும், அவங்க இன்னும் வெளிய சொல்றதில்ல. மரத்துப் போச்சுன்னா உடனே எந்திரிச்சு மிதிங்க, அப்புறம் சீட்டு பொசிஷன மாத்துங்க. சைக்கிள விட்டு எறங்குனப்புறமும் போகலன்னா, இல்ல அடிக்கடி வருதுன்னா, சீட்டு ஆராய்ச்சிய நிப்பாட்டிட்டு டாக்டர்ட்ட போங்க.

இதுக்காகத்தான் இப்ப வர்ற சேடில்கள்ல நடுவுல ஒரு ஓட்டையோ பள்ளமோ வெட்டி இருப்பாங்க. கட்டவுட்டுன்னு சொல்லுவாங்க (நம்ம ஊர்ல கட்டவுட்டுன்னா வேற, தெரியும்). தலைல கூடை தூக்குறவங்க துணியச் சுத்தி சும்மாடு வைப்பாங்கல்ல, அது வளையமா இருக்கும், நடு உச்சந்தலைல பாரம் நேரா எறங்காம சுத்தி பரவும். அதே யோசனைதான். ஆனா சும்மாடு தலைய விடச் சின்னதா இருந்தா என்ன பிரயோசனம்? கட்டவுட்டு இருந்தும் சேடில் அகலம் பத்தலன்னா எலும்பு தொங்கி, அந்த ஓட்டையோட விளிம்பே அறுக்க ஆரம்பிச்சுரும். முதல்ல அகலம், அப்புறம் ஓட்டை.

அட்டைப்பெட்டி வைத்தியம்

பெரிய ஊர் கடைகள்ல உக்காந்தா அளவு காட்டுற பேடு வச்சிருக்காங்க. நமக்கு அதெல்லாம் வேணாம், ஃபேனோ மிக்ஸியோ வந்த அட்டைப்பெட்டி போதும். உள்ள நெளி நெளியா இருக்குற அட்டையா பாத்து ஒரு பக்கத்த வெட்டி எடுங்க. கெட்டியான எடமா பாத்து, மாடிப்படி நல்லது, அதுமேல அட்டைய போட்டு மெல்லிசு டவுசரோட உக்காருங்க. பாதம் ஒரு செங்கல்லு மேல இருந்தா முட்டி கொஞ்சம் ஒசந்து எலும்பு நல்லா பதியும். லேசா முன்னாடி குனிஞ்சு, ரெண்டு கையால படிய கீழேருந்து புடிச்சு உடம்ப அழுத்தி ஒரு நிமிஷம். எந்திரிச்சா ரெண்டு குழி தெரியும். சரியா தெரியலன்னா சாக்பீஸ படுக்கவச்சு மேல தேய்ங்க, குழில மட்டும் ஒட்டாது, பளிச்சுன்னு தெரியும். ஒரு குழியோட நடுவுலேருந்து இன்னொரு குழியோட நடு வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. ஒரு தடவ அளந்து நம்பிராதீங்க, மூணு தடவ மூணு அட்டைல அளங்க.

எனக்கு 121, 118, 120ன்னு வந்துச்சு, மி.மீ. கணக்குல. 120ன்னு வச்சுக்கிட்டேன். அதோட ஒரு 20 மி.மீ. கூட்டிக்கணும், ஏன்னா சேடில் பெட்டில போட்டிருக்குற அகலம் ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும், அந்த ஓரம் வளைஞ்சு கீழ எறங்குறதால அது பாரம் தாங்காது. ஆக எனக்கு 140 பக்கம். நல்லா நிமிந்து ஓட்டுறவங்க இன்னும் ஒரு 10 கூட்டிக்கலாம், ரொம்ப குனியுறவங்க 10 கொறச்சுக்கலாம். இது குத்துமதிப்புதான், சட்டமில்ல, ஆனா கண்ண மூடிக்கிட்டு வாங்குறத விட ஆயிரம் மடங்கு தேவல. நல்ல கம்பெனிகள் ஒரே மாடல்லயே ரெண்டு மூணு அகலம் போடுறாங்க, பெரும்பாலும் 130லேருந்து 160க்குள்ள. அகலமே போடாம "கம்ஃபர்ட் சீட்"னு மட்டும் போட்டிருந்தா நான் தொடமாட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பேனர எடுங்க

இதான் என்னோட முக்கியமான சண்டை. சைக்கிள் வாங்குனப்ப கடைக்காரரு எப்படி மாட்டிக் குடுத்தாரோ அப்படியே ஓட்டிட்டு, வலிக்குது, சீட்டு சரியில்லன்னு முடிவு பண்ணிடுறோம். செருப்ப எடம் வலமா மாத்திப் போட்டுக்கிட்டு செருப்பு கடிக்குதுன்னு சொல்ற மாதிரி.

என் மச்சான் ஒருத்தன் திருவையாறுல இருக்கான். சைக்கிள் வாங்கி ரெண்டு மாசத்துல ரெண்டு சீட்டு மாத்தி, அதுக்கு மேல ஜெல் கவர் ஒண்ணும் போட்டு, "மாப்ள, எனக்கு உடம்பு வாகே இதுக்கு ஆகாது போல"ன்னு முடிவுக்கே வந்துட்டான். ஒரு ஞாயித்துக்கெழம அவன் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்ல கட்டட வேல நடந்துக்கிட்டு இருந்துச்சு, கொத்தனார்ட்ட ரசமட்டத்த அஞ்சு நிமிஷம் கடன் கேட்டேன், எதுக்குத் தம்பின்னாரு, சைக்கிள் சீட்டுக்குன்னேன், ஒரு மாதிரியா பாத்துட்டுக் குடுத்தாரு. சைக்கிள சமதரையில நிறுத்தி, ஜெல் கவர கழட்டிப் போட்டுட்டு, சீட்டு மேல முன்னப் பின்னா ரசமட்டத்த வச்சோம். குமிழி ஒரே ஓட்டமா மூக்குப் பக்கம், அதாவது சீட்டோட ஒல்லியான முன்முனைப் பக்கம், போயி ஒட்டிக்கிச்சு. சீட்டோட மூக்கு அண்ணாந்து நிக்குது. ஏண்டா இப்படி வச்சிருக்கன்னா, "முன்னாடி சறுக்கிக்கிட்டே போகுது மாப்ள, அதான் தூக்கி வச்சேன்"ங்கிறான். சறுக்கலுக்கு அணை கட்டி இருக்கான், அந்த அணையத்தான் நடு எடத்துல குத்திக்கிட்டு ரெண்டு மாசமா ஓட்டி இருக்கான்!

சரி, ஏன் சறுக்குது? சேடிலுக்கு அடில ரெண்டு கம்பி இணையா ஓடும் பாருங்க, அதுக்குப் பேரு ரெயில், சீட்ட தாங்குற குழாய் இருக்குல்ல, சீட்போஸ்டுன்னு பேரு, அதோட உச்சில இருக்குற கிளாம்ப் அந்தக் கம்பியத்தான் புடிச்சுக்கிட்டு நிக்கும். கிளாம்ப லூஸ் பண்ணுனா சீட்ட முன்னப் பின்ன நகத்தலாம், மூக்க ஏத்தி எறக்கலாம். அவனோட சீட்டு ரெயில்ல கடைசி வரைக்கும் பின்னாடி போயிருந்துச்சு. ஹேண்டில் எட்டல, எட்டாததால உடம்பு தானா முன்னாடி நகந்து மூக்கு மேல வந்து உக்காருது. அகலமான பின்பாகத்துல அவன் உக்காரவே இல்ல! அவ்வளவு காசு குடுத்து வாங்குன சீட்டோட பின்பாகம் சும்மா காத்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கு.

எல் கீய (எல் எழுத்து மாதிரி வளைஞ்ச ஸ்பேனர்) எடுத்து மூக்க மட்டத்துக்குக் கொண்டு வந்து, சீட்ட ஒரு செ.மீ. முன்னாடி தள்ளுனோம். அவ்வளவுதான் வேல. நீங்க பண்ணும்போது ரெயில்ல எதுவரைக்கும் கிளாம்ப் புடிக்கலாம்னு கோடு போட்டிருக்கும், அதத் தாண்டாதீங்க. பழைய பொசிஷன மார்க்கர்ல குறிச்சுட்டு, ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல நகத்தாம, ரெண்டு ரைடு போயிப் பாத்துட்டு அடுத்தது. அவனுக்கு ஒரேயடியா ஒரு செ.மீ. தள்ளுனது என் அவசரம். சீட்டு நகந்தா முட்டிக்கும் கணக்கு மாறும், முட்டில வலி வந்தா திரும்ப பழைய எடத்துக்குப் போங்க. மூக்கு சமமட்டத்துல ஆரம்பிங்க, நடு எடம் அழுத்துச்சுன்னா ஒரு டிகிரி ரெண்டு டிகிரி கீழ எறக்கலாம், அதுக்கு மேல எறக்குனா நெல்லு கொட்டுற பலகை மாதிரி நீங்க முன்னாடி வழிஞ்சுக்கிட்டே இருப்பீங்க, உள்ளங்கையும் தோளும் வலிக்கும்.

அப்புறம் ஒசரம். சீட்டு ஒசரமா இருந்தா ஒவ்வொரு மிதிக்கும் காலு எட்டாம இடுப்பு எடமும் வலமும் ஆடும், பின்னாடிலேருந்து பாத்தா ஆட்டுக்கல்லுல மாவாட்டுற மாதிரி இருக்கும், அந்த ஆட்டத்துலதான் தோலு உரியும். சும்மா சரி பாக்குற வழி: செவுத்தப் புடிச்சுக்கிட்டு சீட்டுல உக்காந்து, ஒரு பெடல நல்லா கீழ கொண்டு போயி அதுமேல குதிகால வைங்க. காலு மடங்காம நேரா இருக்கணும். அப்புறம் வழக்கமா மிதிக்கிற மாதிரி முன்பாதத்த வச்சா முட்டி லேசா மடங்கும், அதான் வேணும். கணக்குப் போட்டுப் பாக்க ஆசைன்னா, வெறுங்காலோட செவுத்துல சாஞ்சு நின்னு கவட்டிலேருந்து தரை வரைக்கும் அளந்து அத 0.883ஆல பெருக்குங்க, ரெண்டு பெடல் கையும் சேந்து சுத்துற நடு அச்சுலேருந்து சீட்டோட மேல்பக்கம் வரைக்கும் அந்த அளவு. கவட்டு அளவு 80 செ.மீ.ன்னா 70.6 வரும். ரெண்டு வழியும் பக்கத்துல பக்கத்துலதான் வரும், ஆரம்பிக்க போதும்.

ஆக அகலம் எலும்ப வச்சு, மட்டம் ரசமட்டத்த வச்சு, ஒசரம் குதிகால வச்சு. இது மூணும் சரியா இருந்து, ரெண்டு மூணு வாரம் ஓட்டியும் வலிச்சாத்தான் சீட்டு மேல பழிய போடணும்.

ஜட்டி சமாச்சாரம்

யாரும் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்கிறாங்க, நான் சொல்லிடுறேன். பேடு, அதாவது உக்கார்ற எடத்துல மெத்தை, வச்சுத் தச்ச சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாது. அந்த பேடு நேரா தோல்ல படுறதுக்காகவே தச்சது, தையலே இல்லாம, வேர்வைய உறிஞ்சுற மாதிரி. ஜட்டி போட்டா அதோட தையலும் எலாஸ்டிக்கும் ரெண்டு தொடை இடுக்குலயும் கயிறு மாதிரி அறுக்கும். முதல் நாள் ஒரு மாதிரியாத்தான் இருக்கும், ரெண்டாவது நாள் மறந்துரும். தடிமனான பேடு நல்லதுன்னும் இல்ல, மறுபடியும் அதே சேத்து வயல் கதைதான்.

நம்ம டெல்டா புழுக்கத்துல காலை ஏழரைக்கே ஷார்ட்ஸ் நனைஞ்சுரும், அதனால ஒரு ரைடு போட்டத தொவைக்காம அடுத்த நாள் போடவே கூடாது, கொப்புளம் கட்டின்னு வந்துரும். ஐப்பசி கார்த்திகைல காயவும் காயாது, ரெண்டாவது செட்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கிறது நல்லது. ஒரசுற எடத்துல பெட்ரோலியம் ஜெல்லி லேசா தடவிக்கலாம். கட்டி வந்துருச்சுன்னா அது ஆறுற வரைக்கும் சைக்கிள தொடாதீங்க, அதுமேலயே உக்காந்து ஓட்டுறது வீரம் இல்ல.

மேடே இல்லாத ஊரு

வெளியூர்க்காரங்க வீடியோவ பாத்துட்டு நம்ம ஆளுங்க ஒண்ணு கவனிக்கிறதில்ல. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் ஓட்டுறவங்க மேடு வந்தா எந்திரிச்சு மிதிப்பாங்க, எறக்கத்துல பெடல்ல நின்னுக்கிட்டு வருவாங்க, அவங்களுக்கு அறியாமலே சீட்டுக்கு லீவு கெடச்சுக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு? கல்லணைலேருந்து பூம்புகார் வரைக்கும் தண்ணி ஓடுற அளவு சரிவுதான். உக்காந்தா உக்காந்ததுதான், மயிலாடுதுறை வர்ற வரைக்கும் எந்திரிக்க ஒரு காரணமே இல்ல. அதனால ஒரே எடத்துல ரத்தக்குழாய் நசுங்கிக்கிட்டே இருக்கு. சமதரை சுலபம்னு நெனைக்கிறோம், காலுக்கு சுலபம், சீட்டுக்கு இதான் கஷ்டம்.

நல்லவேளை நமக்கு ஆறு இருக்கு, ஆறு இருந்தா பாலம் இருக்கு. காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறுன்னு நம்ம ரோட்டுல பாலத்துக்குப் பஞ்சமே இல்ல. எங்க குரூப்ல ஒரு பழக்கம், பாலம் வந்தா யாரும் உக்காரக்கூடாது. சின்ன வாய்க்கா மதகா இருந்தாலும் சரி, எந்திரிச்சு பத்து இருவது மிதி. பாலம் இல்லாத நீள ரோட்டுல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. காசே செலவில்லாத இந்த ஒரு பழக்கத்துலயே பாதி பேருக்கு மரத்துப் போறது நின்னு போச்சு.

இன்னொண்ணு ஆடிக் காத்து. திருவையாறுலேருந்து திருக்காட்டுப்பள்ளி வழியா ஆத்தோரமா கல்லணைக்கு 30 கி.மீ.க்கு மேல, மேக்க பாத்தே போகணும், ஆடில காத்து மேக்கேருந்துதான் அடிக்கும், தலைய நிமித்த முடியாது. காத்துக்காக ஹேண்டிலோட கீழ்வளைவப் புடிச்சுக் குனியும்போது இடுப்பு முன்னாடி உருண்டு நடு எடம் அழுந்துதுல்ல, மாசி மாசம் முழுக்க நல்லா இருந்த அதே சீட்டு ஆடில மட்டும் மரக்க வைக்கிறதுக்கு இதான் காரணம். சீட்டு மாறல, நீங்க உக்கார்ற விதம் மாறிருச்சு. அப்பப்ப கைய மேல கொண்டு வாங்க, எந்திரிச்சு மிதிங்க, அப்படியும் முடியலன்னா அந்தக் காத்து ஓயுற வரைக்கும் மூக்க ஒரு டிகிரி எறக்கிக்கலாம்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் பண்ணிட்டு இன்னும் புது சீட்டு வேணும்னா ரெண்டு மூணு விஷயம் மட்டும். மேல்பக்கம் சப்பையா இருக்குறது உக்காந்த எடத்துலேருந்து அடிக்கடி நகர்றவங்களுக்கு ஒத்து வரும், முன்ன பின்ன வளைஞ்சு பள்ளமா இருக்குறது ஒரே எடத்துல செட் ஆகி ஓட்டுறவங்களுக்கு. மூக்கு குட்டையா வர்ற மாடல் இப்ப நெறைய வருது, நல்லா குனிஞ்சு ஓட்டுறவங்களுக்கு முன்னாடி இடிக்கிறது கொறையும். ரெயில் கம்பி சாதாரணமா 7 மி.மீ. உருட்டுக் கம்பி, பெரும்பாலான சீட்போஸ்டுல உக்காரும். கார்பன் ரெயில் சிலது முட்டை வடிவமா ஒசரமா இருக்கும், அதுக்கு கிளாம்ப் வேற வேணும், கேட்டு வாங்குங்க.

தோல் சீட்டு பத்தி கேக்குறவங்களுக்கு: இங்கிலாந்துல பர்மிங்காம்ல 1866ல ஆரம்பிச்ச புரூக்ஸ் கம்பெனி சீட்டு இன்னைக்கும் வருது. அதுல மெத்தையே கெடையாது, ஒரு கெட்டித் தோல முன்னயும் பின்னயும் இழுத்துக் கட்டி இருப்பாங்க, கயித்துக் கட்டில் மாதிரி. ஓட்ட ஓட்ட உங்க எலும்பு படுற எடத்துல குழி விழுந்து உங்களுக்குன்னே தச்ச மாதிரி ஆயிரும், அதுக்குச் சில நூறு கி.மீ. பொறுமை வேணும். ஆனா தோலு நனைஞ்சா தொய்ஞ்சு போகும், நம்ம ஐப்பசி மழைல அத வெளிய நிறுத்தி வைக்கிற ஆளா இருந்தா வேணாம். எனக்கு ஆசைதான், வீட்ல சைக்கிள் நிக்குறது கூரை இல்லாத வாசல்ல.

முடிஞ்சா தெரிஞ்சவங்க சீட்ட ஒரு வாரம் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்க, எங்களுக்குள்ள மூணு சீட்டு இப்படித்தான் கை மாறிக்கிட்டே சுத்துது. கடை வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சுப் பாக்குறதுல ஒண்ணும் தெரியாது. ஒரு மணி நேரம் ஆகாம எந்த சீட்டும் உண்மையச் சொல்லாது.

மச்சான் இப்ப கல்லணைக்கு வாரா வாரம் போயிட்டு வர்றான், சீட்டு பத்தி பேச்சே இல்ல, பஞ்சர் பத்தித்தான் பொலம்புறான். கழட்டிப் போட்ட ஜெல் கவரு வீணாப் போகல. அவங்க அப்பா வயலுக்குப் போற கருப்பு சைக்கிள் சீட்டுல மாட்டி இருக்காரு. நிமிந்து உக்காந்து போறது, போக வர ரெண்டு கிலோமீட்டர். "இது எவ்வளவு சொகமா இருக்கு, இதப்போயி வேணாங்கிறான் கிறுக்குப்பய"ன்னு போன வாரம் என்கிட்ட சொன்னாரு.